51 சதவீதம் மட்டும் போதவில்லை: சான்றிதழ் பெற்ற அனுபவம்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் என் கணவரும் நானும் நடத்தும் சிறிய அச்சகத்தைப் பால்புதுமையினரின் (எல்ஜிபிடி, அதாவது தன்பாலீர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரின்) தொழிலாகப் பதிவு செய்ய நாங்கள் அனுப்பிய முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. அரசுக் கொள்முதலில் வாய்ப்பளிக்கும் மாநிலத் திட்டத்தில் ஆளுநர் சார்லி பேக்கர் 2015-இல் எங்களைப் போன்றோரின் தொழில்களையும் சேர்த்தார். அதில் இடம்பெற தேசிய எல்ஜிபிடி வர்த்தக சபையின் சான்றிதழ் வேண்டும்.

நாங்கள் இருவரும் ஆண்கள் என்பதால், எங்கள் அடையாளத்துக்குத் திருமணச் சான்றிதழே போதுமானதாக இருந்தது. ஒருபால் திருமணத்தை நாட்டிலேயே முதலில், 2004-இல், ஏற்ற மாநிலம் இது என்பதை அன்று நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. எங்கள் பங்கு 60 சதவீதம். குறைந்தபட்சத் தேவை 51. ஆனால் முதலீடு செய்த என் அக்காவின் கணவர் உட்பட மூவரும் ஒருமனதாகச் சம்மதித்தால்தான் 5,000 டாலருக்கு மேல் செலவழிக்கலாம் என்று எங்கள் கூட்டாண்மை ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவு சொல்லிற்று. அதாவது உரிமை எங்களிடம் இருந்தும், சான்றிதழுக்குத் தேவையான கட்டுப்பாடு எங்களிடம் இல்லை.

அத்தானிடம் நேரில் விளக்கினேன். அவர் தயங்காமல் கையெழுத்திட்டார். வழக்கறிஞர் அந்தப் பிரிவைப் பெரும்பான்மை முடிவாக மாற்றினார். காசோலைகளுக்கு அத்தானின் கையொப்பமும் தேவை என்றிருந்த வங்கிப் படிவத்தையும் திருத்தினோம். பலர் மறப்பது இதைத்தான்.

பின்னர் சபையின் சார்பில் அச்சகத்தைப் பார்வையிட வந்தவர், விலையை யார் நிர்ணயிக்கிறார்கள் என்று கேட்டார். காகிதத்தின் எடை, வெட்டுக்கூலி, மை ஆகியவற்றைக் கூட்டி என் கணவர் அங்கேயே ஒரு மதிப்பீடு எழுதிக் காட்டினார். சில வாரங்களில் சான்றிதழ் வந்தது.