12 சதவீதம் எங்கிருந்து வருகிறது? ஓய்வுக்காலத்துக்குக் கவர்டு கால் ஃபண்டு தேர்ந்தெடுப்பது எப்படி

அமெரிக்காவில் வேலை பார்த்து ஓய்வை நெருங்குகிற நம்மவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு இப்போதெல்லாம் கவர்டு கால் ஃபண்டில்தான் வந்து நிற்கிறது. "வருஷத்துக்கு 12 சதவீதமாம், மாசாமாசம் கணக்கில் விழுகிறதாம், பங்கை விற்கவே வேண்டாமாம்." விழுகிறது, அதில் பொய் இல்லை. ஆனால் அந்தப் பணம் எதை விற்று வருகிறது என்று தெரியாமல் யீல்டு, அதாவது வருமான விகிதப் பட்டியலில் மேலே இருப்பதாகப் பார்த்து வாங்கினால் முதலுக்கே மோசம் வரும். அதனால் முதலில் கணக்கு, பிறகு ஃபண்டு.

ஒரு பங்கு 100 டாலர். உங்களிடம் 100 பங்கு இருக்கிறது, அதாவது 10,000 டாலர். "இன்னும் ஒரு மாதத்துக்குள் 102 டாலருக்கு என்னிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்" என்ற உரிமையை ஒருவருக்கு விற்று, பங்குக்கு ஒன்றரை டாலர் வீதம் 150 டாலர் பிரீமியம் வாங்கிக்கொள்கிறீர்கள். இந்த உரிமைதான் கால் ஆப்ஷன், பங்கைக் கையில் வைத்துக்கொண்டு விற்பதால் கவர்டு கால், அந்த 102 டாலர்தான் ஸ்ட்ரைக் விலை. பங்கு அசையாமல் 100-லேயே நின்றால் 150 டாலர் லாபம். 110-க்குப் போனால்? சும்மா வைத்திருந்தவருக்கு 1,000 டாலர், உங்களுக்கு 102 வரை ஏறிய 200-உம் பிரீமியம் 150-உம் சேர்த்து 350 மட்டுமே. 85-க்கு விழுந்தால் அவருக்கு 1,500 நஷ்டம், உங்களுக்கு 1,350. ஏறும்போது மூன்றில் ஒரு பங்கு, இறங்கும்போது பத்தில் ஒன்பது பங்கு. தென்னந்தோப்பைக் குத்தகைக்கு விடுகிற மாதிரிதான் இது: பணம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும், காய்ப்பு அமோகமாக இருந்தால் அது குத்தகைக்காரருக்கு, புயலில் மரம் சாய்ந்தால் அது உங்களுக்கு.

ஆக, ஒரு ஃபண்டைப் பார்த்ததும் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு தருகிறது" என்பது இல்லை, "ஏற்றத்தில் எவ்வளவை எனக்கு விட்டுவைக்கிறது" என்பதுதான். இது ஃபண்டு நிறுவனத்தின் தளத்திலேயே, விவர அறிக்கையான ப்ராஸ்பெக்டஸில், எளிதாகக் கிடைக்கும். இரண்டு விஷயம் பாருங்கள். போர்ட்ஃபோலியோவில் எத்தனை சதவீதத்தின் மேல் கால் எழுதுகிறார்கள் (அதாவது விற்கிறார்கள்), ஸ்ட்ரைக் விலை இன்றைய விலையிலேயே இருக்கிறதா அல்லது கொஞ்சம் மேலே தள்ளி இருக்கிறதா. முழுவதன் மேலும், இன்றைய விலையிலேயே எழுதினால் பிரீமியம் கொழுத்துக்கிடக்கும், வளர்ச்சி ஏறக்குறைய சுத்தமாகப் போய்விடும்.

இதற்குக் கண்முன் இருக்கிற உதாரணம் க்யூவைஎல்டி. குளோபல் எக்ஸ் நிறுவனத்தின் ஃபண்டு, 2013 டிசம்பரில் தொடங்கியது, நாஸ்டாக் சந்தையின் நூறு பெரிய கம்பெனிகள் அடங்கிய நாஸ்டாக் 100 குறியீட்டின் மேல் மாதாமாதம் முழுவதற்கும் அட்-த-மனி, அதாவது இன்றைய விலையிலேயே, கால் விற்கிறது. 25 டாலர் அருகே ஆரம்பித்த விலை 2024 முடிவில் 18 டாலர் சுற்றி இருந்தது. அதே காலத்தில் அதே நாஸ்டாக் 100-ஐச் சும்மா வைத்திருந்த க்யூக்யூக்யூ கிட்டத்தட்ட ஆறு மடங்கு. நடுவில் க்யூவைஎல்டி தந்த மாதப் பணத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும், நியாயம், சேர்த்தாலும் பக்கத்தில்கூட வராது. அதைவிட முக்கியம், தொகை விலையோடு சேர்ந்தே சுருங்கும். 11 சதவீதம் என்று பட்டியலில் அப்படியே இருக்கும், ஆனால் 25 டாலரில் 11 சதவீதமும் 18 டாலரில் 11 சதவீதமும் ஒன்றா? நடுவில் மளிகை, மருந்து, வீட்டு இன்சூரன்ஸ் எல்லாம் ஏறிக்கொண்டே போகும். 60 வயதில் ஓய்வு பெற்று 85, 90 வரை இருக்கப்போகிறவருக்கு இதுதான் உண்மையான ஆபத்து. ஒரு வருஷ வீழ்ச்சி இல்லை.

அடுத்து ஜெப்பி. ஜேபி மார்கன் 2020 மே மாதம் தொடங்கியது, செலவு விகிதம் 0.35 சதவீதம், இந்த வகையில் குறைவு. இது ஆட்டம் குறைவான பங்குகளாகப் பொறுக்கி வைத்துக்கொண்டு, ஒரு பகுதியில் மட்டும் ஈக்விட்டி லிங்க்டு நோட் (பங்கு விலையோடு இணைத்த கடன்பத்திரம்) வழியாக ஆப்ஷன் பிரீமியம் எடுக்கிறது. 2022-இல் எஸ்&பி 500 டிவிடெண்டையும் சேர்த்து 18 சதவீதம் இழந்தபோது ஜெப்பி இழந்தது 3 முதல் 4 சதவீதம்தான். மறுவருஷம் எஸ்&பி 26 சதவீதம் ஏறியபோது ஜெப்பி 10 சதவீதத்தோடு நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் குணம் புரியும். முதல் வருஷத்தை மட்டும் காட்டி விற்பவர்கள் உண்டு, ஜாக்கிரதை. அந்தப் பாதுகாப்பில் பெரும்பகுதி பங்குத் தேர்வால் வந்தது, கால் விற்றதால் மட்டும் வந்தது இல்லை.

இன்னொன்று, மாதப் பணம் சம்பளம் மாதிரி ஒரே அளவில் வராது. சந்தை பதறும்போது பிரீமியம் கூடும், அமைதியானால் குறையும். ஜெப்பியே 2022 கடைசியில் பங்குக்கு 60 செண்ட் தாண்டிக் கொடுத்தது, 2023 ஆகஸ்டில் 30 செண்டுக்கும் கீழே வந்துவிட்டது. அதே ஃபண்டு, அதே எண்ணிக்கைப் பங்கு, வருமானம் பாதி. வீட்டு வாடகையையோ மார்ட்கேஜையோ இதன் தலையில் கட்டாதீர்கள். அடிப்படைச் செலவுக்கு சோஷியல் செக்யூரிட்டி, பாண்ட், சிடி (வங்கி வைப்பு). இதில் வருவது பயணத்துக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என்று வைத்துக்கொண்டால் தூக்கம் கெடாது.

நடுவழி வேண்டும் என்பவர்களுக்கு டிவோ என்ற ஃபண்டு எனக்குப் பிடித்தது. டிவிடெண்ட் தரும் இருபது முப்பது பெரிய கம்பெனிகள், எல்லாவற்றின் மேலும் எப்போதும் எழுதாமல் சமயம் பார்த்துத் தனித்தனிப் பங்குகளின் மேல் கால் எழுதும். யீல்டு நாலைந்து சதவீதம்தான் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பரபரப்பாகப் பேச மாட்டார்கள். ஆனால் தொடங்கிய 2016-இலிருந்து விலை ஏறியிருக்கிறது.

ஒரே ஒரு பங்கின் மேல் கட்டிய ஃபண்டுகள், டெஸ்லாவுக்கு டிஎஸ்எல்ஒய் போன்றவை, ஓய்வுக்காலப் பணத்துக்கு வேண்டவே வேண்டாம். 50, 60 சதவீதம் என்று போட்டிருக்கும். டிஎஸ்எல்ஒய் 2022 நவம்பரில் வந்தது, 2024 பிப்ரவரிக்குள்ளேயே இரண்டு பங்கை ஒன்றாக்கும் ரிவர்ஸ் ஸ்ப்ளிட் செய்ய வேண்டி வந்தது. இதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

எந்த ஃபண்டாக இருந்தாலும் வாங்கும் முன் ஒரு சோதனை. சார்ட்டை 2020 பிப்ரவரியில் தொடங்குங்கள். எஸ்&பி 500 ஒரு மாதத்தில் 34 சதவீதம் விழுந்து ஆகஸ்டிலேயே பழைய உச்சத்தைத் தொட்டுவிட்டது. அதே எஸ்&பி-யின் மேல் கால் விற்கும் எக்ஸ்வைஎல்டியும் கூடவே விழுந்தது, ஆனால் அதன் விலை 2021-இலும் வெகுநாள் பழைய இடத்துக்குக் கீழேதான் நின்றது. விழும்போது முழுசாக விழுந்து, எழும்போது மாதாமாதம் தலையில் தட்டப்படுகிற ஃபண்டின் படம் இது. அப்போது இல்லாத புது ஃபண்டு என்றால் 2022-இலிருந்தாவது பாருங்கள். அதற்கும் பிறகு வந்தது என்றால், பெரிய வீழ்ச்சியை அது இன்னும் பார்க்கவில்லை என்று மனதில் வைத்துக்கொண்டு குறைவாக வாங்குங்கள்.

சரி, வரி. இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஜெப்பி தருவதில் பெரும்பகுதி சாதாரண வருமானமாகவே வரி கட்ட வேண்டியது, அதனால் அதை ராத் ஐஆர்ஏ அல்லது டிரடிஷனல் ஐஆர்ஏ என்ற, வரிச்சலுகை உள்ள ஓய்வுக்காலக் கணக்கில் வைப்பது நல்லது. நியோஸ் நிறுவனத்தின் எஸ்பிஒய்ஐ, க்யூக்யூக்யூஐ இரண்டும் குறியீட்டு ஆப்ஷன்களை விற்கின்றன. அமெரிக்க வரிச்சட்டத்தின் பிரிவு 1256-இன்படி அந்த லாபத்தில் 60 சதவீதம் நீண்டகாலம், 40 சதவீதம் குறுகியகாலம் என்று கணக்காகும், தவிர கொடுப்பதில் பெரும்பகுதியை ரிட்டர்ன் ஆஃப் கேபிடல், அதாவது முதலைத் திருப்பித் தருவது, என்று காட்டுகிறார்கள். அது 1099-டிஐவி படிவத்தில் 3-ஆம் கட்டத்தில் வரும், அந்த வருஷம் வரி இல்லை, உங்கள் வாங்கிய விலை அந்த அளவுக்குக் குறைந்துகொண்டே வரும், பூஜ்யம் ஆனபின் வருவதெல்லாம் மூலதன ஆதாயம். செலவு 0.68 சதவீதம் என்றாலும் வரி கட்டும் சாதாரணக் கணக்குக்கு இவை பொருந்தும். முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம்: இரண்டு வருஷத்துக்கு முந்தைய வருமானத்தை வைத்துத்தான் கூடுதல் பிரீமியம் போடுகிறார்கள், ரிட்டர்ன் ஆஃப் கேபிடல் அந்த வருமானத்தில் சேராது.

ரிட்டர்ன் ஆஃப் கேபிடல் என்றதும் "என் பணத்தையே எனக்குத் தருகிறானா" என்று அலற வேண்டாம். என்ஏவி, அதாவது ஃபண்டின் ஒரு பங்குக்கான சொத்து மதிப்பு, நிலையாக இருந்தாலோ ஏறினாலோ அது வெறும் வரிக்கணக்கு. என்ஏவி வருஷாவருஷம் தேய்ந்தால், ஆமாம், உங்கள் பணத்தைத்தான் தருகிறார்கள்.

எவ்வளவு போடலாம்? என் கணக்கு, மொத்தச் சேமிப்பில் கால்வாசிக்கு மேல் வேண்டாம், மீதி சாதாரணக் குறியீட்டு ஃபண்டிலும் பாண்டிலும் இருக்கட்டும். 12 சதவீதம் வந்தால் 6, 7-ஐச் செலவழித்து மிச்சத்துக்கு மறுபடியும் பங்கு வாங்குங்கள். நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் முப்பது வருஷத்துக்குத் தாங்கும் என்று போட்ட கணக்கே முதல் வருஷம் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்துவது. அதை மூன்று மடங்காக்கும் மாயம் எந்த ஆப்ஷனிலும் இல்லை.

கடைசியாக, ஓய்வுக்குப் பின் ஊரோடு போய்விட நினைக்கிற, சிட்டிசன்ஷிப் எடுக்காதவர்களுக்கு. நான்ரெசிடென்ட் ஏலியன் (வரிக்கணக்கில் அமெரிக்கவாசி அல்லாத வெளிநாட்டவர்) ஆனதும் இந்த டிவிடெண்டுகளில் இந்திய ஒப்பந்தப்படி 25 சதவீதம் அங்கேயே பிடித்துக்கொள்வார்கள், வெளிநாட்டவர் என்று காட்டும் டபிள்யூ-8பென் படிவம் கொடுக்காவிட்டால் 30. அதைவிடப் பெரியது, இறந்தபின் சொத்தின் மேல் போடும் எஸ்டேட் டாக்ஸ்: அமெரிக்கச் சொத்தில் 60,000 டாலர் வரைதான் விலக்கு, அதற்குமேல் 40 சதவீதம் வரை போகும், இதற்கு இந்தியாவோடு ஒப்பந்தமும் இல்லை. ஜேபி மார்கன் இதே பாணி ஃபண்டுகளை அயர்லாந்தில் பதிவு செய்து லண்டன் சந்தையிலும் விற்கிறது, அவை அமெரிக்கச் சொத்தாகாது. ஆனால் அமெரிக்க வரிவலையில் இருக்கும்வரை அவற்றைத் தொடாதீர்கள், வெளிநாட்டு ஃபண்டுகளுக்கான பிஎஃப்ஐசி என்ற கடுமையான வரி விதியில் மாட்டிக்கொள்வீர்கள். விமானம் ஏறும் வருஷத்துக்கு முன்னாலேயே இரு நாட்டு வரியும் தெரிந்த ஒரு சிபிஏவிடம் (கணக்காளரிடம்) உட்கார்ந்து, எதை எப்போது விற்பது என்று வரிசை போட்டுக்கொள்ளுங்கள்.