எலி மீசைக்குக் காற்று ஊதும் கருவி: எங்கெங்கே பிசகும்?

எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது என்று சேலத்துக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது. மீசையில் காற்று பட்டால் மூளையில் எந்த இடம் துடிக்கிறது என்று பார்க்க, எம்.ஆர்.ஐ. ஸ்கேனருக்குள் படுத்திருக்கும் எலியின் மீசையில் காற்று ஊத ஒரு கருவியை ஆராய்ச்சிக்காரர்கள் கேட்டார்கள். செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் 304 என்ற எவர்சில்வர் ரகத் தகட்டை வளைத்துத் தாங்கி செய்தேன். தட்டைப் பக்கத்தில் காந்தம் வழுக்கி விழுந்தது. வளைவில் வைத்தேன், கவ்விக்கொண்டது! சூடாக்காமல் வளைத்தாலோ இழுத்தாலோ 304-இன் படிக அமைப்பு கொஞ்சம் மாறி, காந்தத்தன்மை வந்துவிடும். சிறு விலங்கு ஸ்கேனர்களில் காந்தபலம் 7, 9.4 டெஸ்லா எல்லாம் சாதாரணம். கருவி நகராவிட்டாலும் படம் அந்த இடத்தில் கறுத்துக் கோணிப்போகும். தலைக்குப் பக்கத்தில் நைலான், டெல்ரின் மாதிரி பிளாஸ்டிக் போதும். பித்தளையும் வேண்டாம், காந்தம் ஒட்டாதுதான், ஆனால் மின்சாரம் கடத்துகிற எந்த உலோகமும் அங்கே வம்பு.

காற்றைத் திறந்து மூடும் சோலினாய்டு (மின்காந்த) வால்வில் இரும்பு இருப்பதால் அதை அறைக்கு வெளியே வைத்து நீள ட்யூப் இழுப்பார்கள். வால்வு திறந்த நொடியையே காற்று பட்ட நொடியாக எழுதிவைப்பது அடுத்த தவறு. 6 மீட்டர் ட்யூபில் அழுத்தம் போய்ச்சேரவே கிட்டத்தட்ட 18 மில்லிசெகண்ட் ஆகும். ட்யூப் மெத்தென்று இருந்தால் உப்பிச் சுருங்கி, சுருக்கென்ற ஊதல் பெருமூச்சாகிவிடும். ரத்த ஓட்ட மாற்றம் தெரிய ஓரிரு நொடி ஆவதால், ரத்த ஓட்டத்தை வைத்து மூளை வேலையைப் படம்பிடிக்கும் வெறும் எஃப்.எம்.ஆர்.ஐ. என்றால் இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம். கூடவே மின்முனை வைத்து மூளையின் மின்துடிப்பையும் பதிவு எடுக்கிறவர்கள், முன்னாடியே மேசையில் வைத்து ட்யூப் நுனியில் மைக் பொருத்தி அளந்துவிடுங்கள்.

பலர் மறப்பது சத்தத்தை. நுனியில் காற்று சீறுவது எலிக்கு நன்றாகவே கேட்கும். நம் காதுக்கு எட்டாத 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலும் அதற்குக் கேட்கும். அப்போது மூளை காட்டும் துடிப்பு மீசைக்கா, காதுக்கா? முனையை மீசையில் படாதபடி திருப்பிவைத்து அதே ஊதலை ஒரு சுற்று ஓட்டுங்கள். அப்போதும் துடிப்பு வந்தால் அது மீசையால் வந்ததல்ல.

மீசைக்குப் பதில் கண்ணுக்கு ஒளி காட்டுகிறவர்களுக்கு ஒன்று: சுண்டெலிக் கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் பச்சைக்கும் புற ஊதாவுக்கும்தான். கடையில் வாங்கும் மானிட்டர் புற ஊதா தராது.

“அண்ணே, ஊதுது, ஆனா மூளையில ஒண்ணுமே தெரியலையே” என்று போன் வந்தால், எலியை மயக்கும் வாயுவான ஐசோஃப்ளூரேன் எத்தனை சதவீதம் வைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். அது தூக்கலானால் மூளையும் அடங்கும், ரத்தக்குழாயும் ஏற்கெனவே விரிந்து கிடக்கும். அதற்குப் பட்டறையில் மருந்து இல்லை.