வீட்டுக் காகிதத்தையும் அட்டையையும் மறுசுழற்சிக்குப் பிரிக்கும் முறை: பெங்களூரு வீடுகளுக்கு

ஈரக் குப்பைக்குப் பச்சைத் தொட்டி, எதற்கும் ஆகாத கழிவுக்குச் சிவப்புத் தொட்டி, உலர்ந்தவற்றுக்கு ஒரு பை என்ற ஏற்பாட்டைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2015-இல் பெங்களூருவில் கட்டாயமாக்கியது. அந்த உலர் பை வார்டின் உலர்கழிவு மையத்துக்குப் போகிறது. அங்கே அதைக் கையால் பிரிப்பவர்கள், முன்பு தெருக்களில் குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்கள் உட்பட, நம்மைப் போன்ற மனிதர்கள்தான். குழம்பு வடியும் ஒரே பொட்டலம் பையிலுள்ள காகிதம் முழுவதையும் கெடுத்துவிடும் என்பதால், காகிதத்தை வீட்டிலேயே தனியாக எடுத்து வைப்பது அவசியம்.

முதலில், காகிதத்துக்கென்று ஒரு கோணிப்பை வையுங்கள். பிளாஸ்டிக் பையை நான் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் அதற்குள் காகிதம் வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளையும் நோட்டுப் புத்தகங்களையும் தனிக் கட்டாகக் கட்டினால் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்து எண்ணெய். ஆலையில் காகிதத்தை நீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது எண்ணெய் இழைகளை விட்டுப் பிரியாது. ஆகவே பீட்சா பெட்டியின் சுத்தமான மூடியை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டு, எண்ணெய் ஊறிய அடிப்பகுதியை உரத்தொட்டி இருந்தால் துண்டாக்கி அதில் போடுங்கள்.

மூன்றாவது படிதான் என்னை நெடுநாள் குழப்பியது: பார்வைக்குக் காகிதமாக இருந்தும் பிளாஸ்டிக் பூச்சு ஒட்டியவை. காபி கப், வெள்ளித்தாள் ஒட்டிய தட்டு, பல இனிப்புப் பெட்டிகள், பளபளக்கும் திருமண அழைப்பிதழ் ஆகியவை இவ்வகை. ஓரத்தை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். வெறும் காகிதமானால் கிழிந்த விளிம்பில் பஞ்சு போன்ற இழைகள் தெரியும். பூச்சு இருந்தால் மெல்லிய சவ்வு இழுபட்டு நிற்கும். ஐயம் தீராவிட்டால் ஒரு துண்டை இரவு முழுவதும் நீரில் ஊறப்போடுங்கள், காலையில் காகிதம் குழைந்து சவ்வு தனியே கழன்றிருக்கும். பரிசுப் பொதித்தாளைக் கசக்கிப் பாருங்கள். கசக்கியதும் தானாக விரிந்துகொண்டால் அதை ஒதுக்கிவிடலாம். பால், பழச்சாறு வரும் டெட்ரா பேக்கில் ஏறக்குறைய முக்கால் பங்கு காகிதம் இருந்தாலும், உள்ளே பாலிஎத்திலீனும் அலுமினியமும் ஒட்டியிருப்பதால் அதைப் பிரிக்கத் தனி ஆலை வேண்டும். அதைக் கழுவி, காயவைத்து, தட்டையாக்கி உலர் பையில் போடுங்கள், கோணிப்பையில் வேண்டாம்.

நகத்தால் கீறினால் கறுக்கும் கடை ரசீது வெப்பத்தாள், அதாவது சூடு பட்டால் எழுத்துத் தோன்றும் வேதிப்பூச்சுத் தாள்; அதுவும் கோணிப்பைக்கு ஆகாது.

அட்டைப் பெட்டிகளில் ஒட்டியுள்ள டேப்பையும் முகவரிச் சீட்டையும் உரித்து, தட்டையாக்கிச் சணல் கயிற்றால் கட்டுங்கள். கட்டுவதற்கு மீண்டும் டேப் வேண்டாம். ஸ்டேப்ளர் பின்களைப் பிடுங்கத் தேவையில்லை. ஆலையில் வடிகட்டியும் காந்தமும் அவற்றை எடுத்துவிடும்.

பின்சேர்க்கை: தினசரி நாள்காட்டியை என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். தாள்கள் நல்ல காகிதம். மேலுள்ள தகரப் பட்டையைக் கழற்றி உலர் பையில் போடுங்கள். சாமி படம் அச்சிட்ட அட்டையில் பெரும்பாலும் பூச்சு இருக்கும் என்பதால், அதைக் கிழித்துப் பார்த்த பிறகே கோணிப்பையில் சேருங்கள்.