டெஸ்டிங் வேலையை விடாமலே டெவ்ஆப்ஸுக்குப் போவது எப்படி

டெவ்ஆப்ஸ்னா எழுதின கோடை சர்வர் வரைக்கும் கொண்டுபோய், அது விழாம ஓட வைக்கிற வேலை. சாஃப்ட்வேர் டெஸ்டிங்ல சில வருஷம் ஓட்டிட்டு, "அக்கா, டெவ்ஆப்ஸுக்கு மாறணும், எந்த இன்ஸ்டிடியூட்ல சேரட்டும்?"னு கேட்டு வர்றவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது, இப்போதைக்கு எங்கயும் பணத்தைக் கட்டாதீங்க. உங்க டீம்லயே டெஸ்ட் எங்க ஓடுதுன்னு பாருங்க. ஜென்கின்ஸ்லயோ கிட்லேப்லயோ யாரோ எப்பவோ எழுதி வச்ச பைப்லைன், அதாவது கோடு மாறினதும் தானாவே பில்ட் பண்ணி டெஸ்ட் ஓட்டுற ஏற்பாடு ஒண்ணு இருக்கும். உடைஞ்சா அதைத் தொட யாருக்கும் மனசு வராது. அந்த வேலையைக் கேட்டு வாங்குங்க. மேனேஜர் சந்தோஷமாத் தூக்கிக் கொடுப்பாரு. மதுரை இலந்தைக்குளம் எல்காட் ஐடி பார்க்ல நானும் அந்த வழியாத்தான் உள்ள நுழைஞ்சேன்.

லினக்ஸ் இல்லாம எதுவும் நடக்காது. டிஸ்க் ரொம்பிருச்சா, எந்த புராசஸ் போர்ட்டைப் பிடிச்சு வச்சிருக்கு, லாக் எங்க விழுது, இதையெல்லாம் மௌஸைத் தொடாம கண்டுபிடிக்கப் பழகுங்க. கூடவே கோடு மாற்றங்களைப் பதிஞ்சு வைக்கிற கிட், கமாண்டுகளை வரிசையா ஓட்டுற ஷெல் ஸ்கிரிப்ட், கொஞ்சம் பைத்தான். பிரவுசர் டெஸ்ட்டைத் தானா ஓட்டுற செலினியத்துக்கு ஜாவா எழுதின கைக்கு பைத்தான் சீக்கிரம் வந்துரும்.

அடுத்தது டாக்கர், ஒரு புரோகிராமை அதுக்கு வேண்டியதோட சேர்த்து கன்டெய்னர்ங்கிற தனிப் பெட்டிக்குள்ள ஓட்டுற டூல். இதுக்கு வெளிய இருந்து ப்ராஜெக்ட் தேட வேண்டாம், உங்க செலினியம் டெஸ்ட்டையே கன்டெய்னருக்குள்ள ஓட்டுங்க. லேப்டாப்ல ஒழுங்கா ஓடினது அங்க குரோம் டேப் பாதியிலயே செத்துப் போகும். டாக்கர் ஒரு கன்டெய்னருக்கு டிஃபால்ட்டா 64 எம்பி ஷேர்டு மெமரிதான் கொடுக்குது, குரோமுக்கு அது பத்தாது. ரன் கமாண்ட்லயே அதை 2 ஜிபியா ஏத்திக் கொடுத்தா சரியாயிரும்.

அப்புறம் தேதித் தகராறு வரும். கன்டெய்னருக்குள்ள கடிகாரம் பெரும்பாலும் யூடிசியில (உலகப் பொது நேரம்) இருக்கும், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னாடி. ராத்திரி 12 மணியில இருந்து காலையில 5:30 வரைக்கும் அங்க நேத்துத் தேதிதான். இன்னைக்குத் தேதியைச் சரிபார்க்கிற டெஸ்ட் நைட்லி ரன்ல ஃபெயிலாகும், காலையில ஆபீஸ் வந்து ஓட்டினா பாஸாகும். பல பேரு அதை "ஃப்ளேக்கி", சும்மா அப்பப்போ ஃபெயிலாகுதுன்னு எழுதி டிக்கெட்டை மூடிருவாங்க. நீங்க டைம்ஸோன் வரைக்கும் போய்ப் பாருங்க. என்ன பார்த்தீங்க, எதைச் சந்தேகப்பட்டீங்க, எப்படி உறுதி பண்ணீங்கன்னு இன்டர்வியூல இந்த மாதிரி ரெண்டு விஷயத்தை வரிசையாச் சொன்னாலே கேக்கிறவரு நிமிர்ந்து உக்காருவாரு. டூல் பேரு இருபது எழுதின ரெஸ்யூமே அவரு மேஜையில ஏற்கெனவே நிறையக் கிடக்கும்.

நிறைய கன்டெய்னரை மொத்தமா மேய்க்கிற குபர்நெட்டீஸைப் பழக 8 ஜிபி ராம் லேப்டாப்ல மினிகியூப் போதும், அது லேப்டாப்லயே ஓடுற குட்டி குபர்நெட்டீஸ். வேணும்னே மெமரி லிமிட்டைக் குறைச்சு வச்சு ஒரு பாட் (pod, குபர்நெட்டீஸ்ல கன்டெய்னர் ஓடுற சின்ன யூனிட்) சாகுற மாதிரி பண்ணுங்க. எக்ஸிட் கோட் 137னு வரும். அது 128 கூட்டல் 9, அதாவது லினக்ஸோட மையமான கர்னல், உடனே நிறுத்துங்கிற சிக்னல் 9 அனுப்பிக் கொன்னிருக்கு. உடைச்சுப் பார்க்கிறது டெஸ்டருக்குச் சொல்லியா கொடுக்கணும்?

அமேசானோட வாடகை சர்வர் சேவையான ஏடபிள்யூஎஸ்ல கணக்கு திறந்ததும் முதல் வேலை பட்ஜெட் அலாரம். அங்க குபர்நெட்டீஸ் ஓட்டித் தர்ற இகேஎஸ் கிளஸ்டர் ஒண்ணு சும்மா நின்னாலே மணிக்கு 0.10 டாலர், மாசம் முழுக்க விட்டா 70 டாலருக்கு மேல போயிரும். எல்லாத்தையும் சர்வர் அமைப்பைக் கோடா எழுத வைக்கிற டெராஃபார்ம்ல எழுதுங்க, சாயங்காலம் டெஸ்ட்ராய் கொடுத்து அழிச்சுட்டு எந்திரிங்க.

சர்ட்டிஃபிகேட் வேணும்னா குபர்நெட்டீஸ் அட்மின் பரீட்சையான சிகேஏ எழுதலாம். 2 மணி நேரம் டெர்மினல்ல செஞ்சு காட்டுற பரீட்சை, மனப்பாடம் உதவாது. ரெஸ்யூமேல "டெவ்ஆப்ஸ் 4 வருஷம்"னு பொய் போடச் சொல்ற கன்சல்டன்சி பக்கமே போகாதீங்க. முதல் மாற்றத்தை இருக்கிற கம்பெனிக்குள்ளயே முயற்சி பண்ணுங்க, உங்க வேலையை நேர்ல பார்த்தவங்க அங்கதான் இருக்காங்க.

ஆன்-கால், அதாவது எந்நேரம் அலர்ட் அடிச்சாலும் எடுத்துப் பார்க்கிற முறை, கண்டிப்பா வரும், வீட்டுல முன்னாடியே சொல்லி வச்சிருங்க. சித்திரை மாச ரோஸ்டர் போடும்போது மட்டும் உஷாரா இருங்க. அழகர் ஆத்துல இறங்குற நாள் அமெரிக்க கிளையன்ட்டோட காலண்டர்ல இருக்காது. அந்த ஷிஃப்ட்டை வெளியூர் டீம்மேட் யாருக்காவது மாத்தி விட்டுருங்க, அலர்ட் அடிச்சா கோரிப்பாளையம் கூட்டத்துல நின்னுக்கிட்டு லேப்டாப்பைத் திறக்க முடியாது.