பின்பால் மெஷினை லாரியில் ஏற்றுவதற்கு முன்: திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

பின்பால் மெஷின், அதாவது கண்ணாடிக்கு அடியில் சரிந்த பலகையில் உருளும் எஃகுக் குண்டைத் தட்டி ஸ்கோர் எடுக்கும் விளையாட்டுப் பெட்டி, பாண்டியில் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். ஈசிஆர் பக்கம் ஓரிரு ரிசார்ட், ஆரோவில் பக்கம் சில வீடுகள், கடலூரில் ஆசைக்கு வாங்கிப் போட்ட ஒன்றிரண்டு பேர். மெஷின் ஓடாதபோது என்னைக் கூப்பிடுவதைவிட, விற்றுவிட்டு அனுப்பும்போதுதான் அதிகம் கூப்பிடுகிறார்கள். அதுவும் லாரி ஆபீஸிலிருந்து குட்டி யானை கிளம்பிவிட்டது என்று போன் வந்த பிறகு. போய்ப் பார்த்தால், தொழிலுக்கு வந்த புதிதில் நான் அடித்த அதே கூத்தை அச்சு மாறாமல் அடித்து வைத்திருப்பார்கள்.

பிளக்கைப் பிடுங்குவது, வயரைச் சுருட்டுவது, போர்வை சுற்றுவது எல்லாம் உங்களுக்கே தெரியும். தெரிந்தவர்களும் கோட்டை விடுகிற இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

தலையை மடக்கும்போது வயரைப் பார்க்காமல் இருப்பது

தலை என்று நாங்கள் சொல்வது ஸ்கோர் தெரியும் மேல்பெட்டியை. 1980-களுக்குப் பிறகு வந்த பெரும்பாலான மெஷின்களில் அது கீலில் மடங்கி கேபினெட் மேல் படுக்கும். ஒருவர் தலையைத் தாங்கி இறக்க, இன்னொருவர் கீல் பக்கம் நின்று வயர்க்கட்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆளைத்தான் யாரும் நிறுத்துவதில்லை. கீலில் நசுங்கிய வயர் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கும். போய்ச் சேர்ந்த ஊரில் பாதி விளக்கு எரியாது.

மடக்கியதும் கேபினெட்டையும் தலையையும் சேர்த்து ராட்செட் பெல்ட் போட்டு இறுக்குங்கள். பெல்ட் படுகிற மூலைகளில் மடித்த அட்டை இருக்கட்டும். பெல்ட் இல்லாமல் மெஷினை நிமிர்த்தினால் தலையின் கனம் முழுக்கக் கீலில் தொங்கும். 1970-களின் ரிலே மெஷின் (எலக்ட்ரானிக் போர்டு இல்லாமல் ரிலேயில் ஓடுவது) என்றால் பெரும்பாலும் தலை தனியாகவே கழன்றுவிடும். அங்கே ஒவ்வொரு பிளக்குக்கும் பெயர் எழுதி ஒட்டாமல் பிடுங்கினால், மறுமுனையில் இருப்பவர் உங்களை வாழ்நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பார்.

கேபினெட் படத்தின் மேல் பேக்கிங் டேப்

பிரிக்கும்போது பெயிண்டோடு வரும்.

"உள்ளேயே பத்திரமா வச்சிருக்கேன் சார்"

இந்த ஒன்றுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

குண்டுகளை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டும் என்பது இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீடியோ பார்த்துவிட்டு அதைச் சரியாகச் செய்கிறார்கள். போன வாரம் முத்தியால்பேட்டையில் ஒரு தம்பியும் அப்படித்தான்.

"குண்டெல்லாம் எடுத்துட்டேன் சார்."

"எங்க வச்சீங்க?"

"கேஷ் பாக்ஸ்லதான் சார். கால் போல்ட்டு, டில்ட் குண்டு, ஸ்பேர் சாவி, எல்லாம் ஒரே கவர்ல கட்டி உள்ளேயே பத்திரமா வச்சிருக்கேன்."

காயின் டோரைத் திறந்து பார்த்தேன். ஸ்வீட் கடை கவர், வாயில் ஒரு முடிச்சு. கேஷ் பாக்ஸ் என்பது போடுகிற காசு விழ அடிப்பலகையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பெட்டி. மெஷின் காலில் நிற்கும்வரை அது நகராது. லாரியில் ஏற்றும்போது காலைக் கழற்றிப் பின்பக்கத்தில் செங்குத்தாக நிமிர்த்தி வைக்கிறோம். அப்போது முன்பக்கம் இருந்த கேஷ் பாக்ஸ் மெஷினின் உச்சிக்குப் போய்விடும். அதிலிருந்து கீழே பார்த்தால் நேராக டிரான்ஸ்ஃபார்மர், வயர்க்கட்டு, பிளேஃபீல்டின் (குண்டு உருளும் பலகையின்) அடிவயிறு.

ஒரு எஃகுக் குண்டு 27 மில்லிமீட்டர், ஏறக்குறைய 80 கிராம். ஆறு குண்டு அரைக் கிலோவை நெருங்கும். காலுக்கு இரண்டாக எட்டு போல்ட், ஒவ்வொன்றும் விரல் நீளம். இவற்றைத் தாங்குவது ஒரு பிளாஸ்டிக் கவரின் முடிச்சு. பாண்டியிலிருந்து பெங்களூருக்குப் போகிற லாரி திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி என்று போகும். வழியில் எத்தனை ஸ்பீடு பிரேக்கர் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இப்படிப் போன ஒரு மெஷினின் கதையைச் சொல்கிறேன். ஒரு ரிசார்ட்டில் ஓடிக்கொண்டிருந்தது, பெங்களூரில் ஒருவர் வாங்கினார். அனுப்பியவர் இதே போலக் கவரில் கட்டி உள்ளே வைத்துவிட்டார். பெங்களூரில் இறங்கியபோது கவர் கிழிந்திருந்தது. வாங்கியவர் பொறுமைசாலி. கேபினெட்டுக்குள் டார்ச் அடித்துக் குண்டு ஆறையும் பொறுக்கிவிட்டார். போல்ட் ஏழுதான் கிடைத்தது. "ஒண்ணு எங்கயோ விழுந்துருச்சு போல, ஹார்டுவேர் கடையில வாங்கிக்கறேன்" என்று போனில் சொன்னார். நான் பிளேஃபீல்டைத் தூக்கி அடியில் பார்க்கச் சொல்லி முடிப்பதற்குள் ஸ்விட்சைப் போட்டுவிட்டார்.

எட்டாவது போல்ட் பிளேஃபீல்டுக்கு அடியில் வயர்க்கட்டு மேல் சொருகி நின்றிருக்கிறது. ஒரு முனை காயிலின் (குண்டைத் தட்டும் மின்காந்தச் சுருளின்) லக்கில், அதாவது வயர் பற்றவைக்கும் காதில், மறுமுனை குண்டு படுவதைக் கண்டறியும் ஸ்விட்சின் லக்கில். 1990-களின் பாலி, வில்லியம்ஸ் கம்பெனி மெஷின்களில் காயிலுக்குப் போவது 50 முதல் 70 வோல்ட் டிசி. ஸ்விட்ச் லைன் 5, 12 வோல்ட்டில் வேலை செய்கிற சமாசாரம். காயில் வோல்ட்டேஜ் அந்த லைனில் ஏறினால் நேராகச் சிபியு போர்டுக்குப் போய் ஸ்விட்சுகளைக் கவனிக்கும் ஐசிக்களை முடித்துவிடும். அந்தப் போர்டு என் மேசைக்கு வந்தபோது யுஎல்என் 2803 ஐசியின் முதுகில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கரி. எல்எம் 339-களும் போயிருந்தன. ஐசி விலை ஒன்றும் பெரிதில்லை. போர்டு போக வர கூரியர், வேலைக்கூலி, அதற்குள் வாங்கியவர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டது, விற்றவர் முறைத்துக்கொண்டது, இதெல்லாம்தான் செலவு. கடைசியில் குறைத்துக் கொடுத்த தொகைக்கு நல்ல மரப்பெட்டியே செய்து அனுப்பியிருக்கலாம்.

எரிச்சல் வருவது ஏனென்றால், இவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை. எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தவர்கள். எடுத்ததைத் திரும்ப அதற்குள்ளேயே போட்டுவிட்டு, காணாமல் போகாது என்று நிம்மதியாக இருக்கிறார்கள்.

போல்ட்டுகளைக் கால்களோடு வையுங்கள்: நான்கு காலையும் அட்டை வைத்து ஒரே கட்டாகக் கட்டி, போல்ட்டைத் துணிப்பையில் போட்டு அந்தக் கட்டுக்குள் இறுக்குங்கள். கேஷ் பாக்ஸைக் கழற்றித் தனிப் பெட்டியில் அனுப்புங்கள். டில்ட் குண்டு ஒரு கம்பியில் தொங்கும் சின்ன எடை. திருகைத் தளர்த்தினால் கையோடு வரும், அதுவும் அந்தப் பெட்டியிலேயே. குண்டுகளை அனுப்பவே வேண்டாம் என்பது என் கட்சி. நம் உப்புக்காற்றில் புள்ளி விழுந்த குண்டு, போகிற இடத்தில் பிளேஃபீல்டின் பெயிண்டைத்தான் தேய்க்கும். வாங்குபவர் புதுசு போட்டுக்கொள்ளட்டும்.

இன்னொன்று, எண்ணிக்கை. மெஷினுக்கு மெஷின் மாறும். மூன்று முதல் ஆறு சகஜம், 1995-இல் சேகா வெளியிட்ட அப்போலோ 13-இல் பதின்மூன்று. காந்தம் விட்டு எடுப்பவர்கள் 1993-இல் பாலி வெளியிட்ட ட்விலைட் ஸோனில் ஏமாறுவார்கள். அதில் ஒரு குண்டு வெள்ளைச் செராமிக், காந்தத்துக்கு அசையாது. போதாததற்கு, பிளேஃபீல்டின் ஓரத்தில் இருக்கும் மிட்டாய் மெஷின் பொம்மைக்குள் மூன்று குண்டு எப்போதும் ஒளிந்திருக்கும். மேனுவலில் எத்தனை என்று பார்த்து, அத்தனையும் கைக்கு வந்த பிறகு பெல்ட்டைப் போடுங்கள். நிமிர்த்துவதற்கு முன்பு மெஷினை மெல்ல ஒரு குலுக்கு. உள்ளே எதுவும் பேசக் கூடாது.

பேட்டரி

போர்டில் இருக்கும் மூன்று ஏஏ பேட்டரியையும் கழற்றுங்கள். ஹை ஸ்கோர் போய்விடும், போகட்டும். கசிந்தால் போர்டு போய்விடும்.

காலை முன்பக்கத்திலிருந்து கழற்றுவது

பின்கால்களை முதலில். பின்பக்கத்தை டிராலியில் இறக்கி, முன்பக்கத்தைத் தூக்கி நிமிர்த்திவிட்டு, கடைசியில் முன்கால்கள். நூறு கிலோவுக்கு மேல் கனம், இரண்டு பேர் வேண்டும்.

நிமிர்த்துவதற்கு முன்னால் பின்பலகையையும் அடிப்பலகையையும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, காலைக் கழற்றித் தரையில் வைத்திருந்த மெஷின்கள் சில தண்ணீரில் நின்றன. காய்ந்த பிறகு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அடியில் பலகை ஊதிப் போய், விரல் உள்ளே இறங்கும். அப்படிப்பட்டதை அதன் முதுகிலேயே நிற்க வைத்தால் மூட்டு விட்டுப்போகும். அதற்குப் புதுப் பலகை அடித்த பிறகுதான் லாரி.

கண்ணாடி

டைல்ஸ் தரையில் மூலை பட்டால் போதும், பிளேஃபீல்டை மூடும் டெம்பர்டு கண்ணாடி மொத்தமும் உதிரும். அட்டை மேல் மட்டும் வையுங்கள், இல்லை மெஷினிலேயே விட்டுவிடுங்கள்.

மேல்பக்கத்தைத் தட்டையாக விடுவது

நிமிர்த்திய மெஷின் ஏறக்குறைய நாலரை அடி உயரம் நிற்கும். லோடுமேன் கண்ணுக்கு அது ஒரு மேடை. எந்த மொழியில் "மேலே வைக்காதே" என்று எழுதினாலும் இரண்டு அரிசி மூட்டை ஏறிவிடும். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாண்டி மேட்டுப்பாளையம் டிரக் டெர்மினலில் ராத்திரி லோடு ஏற்றுகிறவருக்கு நின்று படிக்க நேரம் கிடையாது. ரீப்பர் கட்டையில் கூரை மாதிரி ஒரு முக்கோணச் சட்டம் அடித்து உச்சியில் பொருத்துங்கள். மூட்டை நிற்காது, விஷயம் முடிந்தது.

அடியில் மரப் பேலட் கட்டாயம். பேலட் இருந்தால் டிராலி போகும். இல்லாவிட்டால் மூலைக்கு மூலை புரட்டிப் புரட்டித்தான் கொண்டுபோவார்கள். மெஷினைப் பேலட்டோடு பெல்ட் போட்டு, பிறகு மேலிருந்து அடிவரை ஸ்ட்ரெச் ஃபிலிம். ஐப்பசி, கார்த்திகையில் அனுப்புவதாக இருந்தால் ஃபிலிமுக்கு மேல் ஒரு சுற்றுத் தார்ப்பாய். லாரித் தார்ப்பாயை நம்ப வேண்டாம்.

ஏற்றுக்கூலி யார் கொடுப்பது, இறக்குக்கூலி யார் கொடுப்பது என்று முந்தின நாளே பேசிவிடுங்கள். வாசலில் வைத்துப் பேரம் பேசினால் கோபம் மெஷின் மேல் இறங்கும்.

எல்.ஆரில் "பழைய விளையாட்டுப் பொருள், மதிப்பு 5,000"

எல்.ஆர் என்பது லாரி ஆபீஸ் தரும் சரக்கு ரசீது. வாடகை குறையும் என்று அதில் இப்படி எழுதச் சொல்கிறார்கள். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டம், 2011 விதிகளின்படி, கூடுதல் ரிஸ்க் கட்டணம் கட்ட ஒப்புக்கொள்ளாத சரக்குக்கு லாரிக்காரரின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கோடு நின்றுவிடும். ஐயாயிரம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அதற்கு மேல் வாயைத் திறக்கவே முடியாது. உண்மை மதிப்பை எழுதி, டிரான்ஸிட் இன்ஷூரன்ஸ் தனியாக எடுங்கள்.

பாண்டியிலிருந்து பக்கத்து மஞ்சக்குப்பத்துக்கு அனுப்பினாலும் ஜிஎஸ்டி கணக்கில் அது வெளிமாநிலம். வீட்டில் புழங்கிய சாமானுக்கு இ-வே பில் விலக்கு உண்டு. ரிசார்ட்டோ கடையோ விற்று அனுப்பினால், 50,000 ரூபாய்க்கு மேல் இ-வே பில் இல்லாமல் வண்டி நகரக் கூடாது.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: இறக்கியதும் ஃபிலிமைப் பிரித்துப் பார்த்துவிட்டு, அடி இருந்தால் டெலிவரி காப்பியிலேயே எழுதிவிட்டுத்தான் கையெழுத்து. பிறகு பிளேஃபீல்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஸ்விட்ச் அதற்கு அப்புறம். நஷ்டம் கேட்பதாக இருந்தால் எழுத்தில் நோட்டீஸ், புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள்.