ஓரியன்டியரிங் நிகழ்வில் கட்டணமும் உறுப்பினர் கழிவும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் புக்கிட் கியாராவிலோ தாமான் போத்தானி பெர்டானாவிலோ, வரைபடத்தைப் பார்த்துச் சோதனைப் புள்ளிகளைத் தேடிச் செல்லும் ஓரியன்டியரிங் போட்டியை நடத்த முன்வரும் தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ இளைஞர் மன்றமோ, அண்மையில் நடந்த நெடுந்தூர ஓட்டத்தின் கட்டணத்தைப் பார்த்துத் தன் கட்டணத்தை முடிவு செய்வது முதல் தவறு. பெருந்திரளான கூட்டம், விளம்பரதாரர், சட்டை, பதக்கம் என்று அந்த ஓட்டத்தின் கணக்கே வேறு.

எத்தனை பேர் வந்தாலும் மாறாத செலவையும், தலைக்கு இவ்வளவு என்று ஏறும் செலவையும் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். இட அனுமதி, முதலுதவிக் குழு, வேன் ஆகியவற்றுக்கு 600 ரிங்கிட்டும், வரைபட அச்சு, சோதனைப் புள்ளிகளில் வருகையைப் பதியும் மின்னணுச் சிப்பின் வாடகை, குடிநீருக்குத் தலைக்கு 9 ரிங்கிட்டும் ஆவதாகக் கொள்வோம். 50 பேரை நம்பி 21 ரிங்கிட் என்று அறிவித்தால் வரவும் செலவும் சரியாக இருக்கும். ஆனால் நவம்பர் மழையில் 30 பேரே வந்தால் 240 ரிங்கிட் நட்டம். ஆகவே கூட்டம் குறைந்த நாளை அடிப்படையாக வைத்துக் கட்டணத்தை முடிவு செய்வதே பாதுகாப்பானது.

வரைபடம் வரையும் செலவு தனிக் கதை. அதை முதல் நிகழ்வின் தலையில் முழுவதும் கட்டுவோரும் உண்டு, அறவே மறப்போரும் உண்டு. நம் காடுகளில் புதர் விரைந்து மண்டுவதாலும் ஒற்றையடிப் பாதைகள் மறைவதாலும் வரைபடத்தை அடிக்கடி திருத்த வேண்டியிருக்கும்; அதற்கென ஒவ்வொரு நிகழ்விலும் ஒரு சிறு தொகையை ஒதுக்கி வைப்பது நல்லது.

உண்மையான சிக்கல் உறுப்பினர் கழிவில்தான் இருக்கிறது. பொதுக் கட்டணம் 25, உறுப்பினருக்கு 15 என்று வைத்துவிட்டு, எல்லாரும் 25 செலுத்துவதுபோல வரவைக் கணக்கிடுகிறார்கள். வருவோர் 50 பேரில் 40 பேர் உறுப்பினர் என்றால் வரவு 850 ரிங்கிட், அதாவது சராசரி 17 ரிங்கிட்தான், செலவோ 1,050. கழிவை அறிவிக்கும் முன் முந்தைய பதிவேட்டை எடுத்து, உறுப்பினர் எத்தனை பேர், புதியவர் எத்தனை பேர் என்று பார்த்தாலே இது புலப்பட்டிருக்கும். ஆண்டுச் சந்தாவோடும் கழிவைப் பொருத்திப் பார்க்க வேண்டும்: சந்தா 40, கழிவு 10 என்றால் நான்கு நிகழ்வுகளில் சந்தாப் பணம் திரும்பிவிடும், ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு கழிவும் சங்கத்தின் கையிருப்பிலிருந்து போகும். அது வேண்டாம் என்று சொல்லவில்லை. பொருளாளருக்குத் தெரிந்தே நடக்கட்டும். பதிவு மேசையில் "நான் கட்டிட்டேன் அண்ணே" என்ற சொல்லை நம்பிக் கழிவு தருவதும் வேண்டாம். சந்தா செலுத்தியோர் பட்டியல் அங்கேயே இருக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், எல்லா உறுப்பினருக்கும் தாராளமாகக் குறைப்பதைவிட உழைப்பவருக்குத் தருவது மேல். பாதையை வகுத்தவருக்குச் சோதனைப் புள்ளிகள் எங்கே என்று தெரியும் என்பதால் அவர் அன்றைக்குப் போட்டியிட முடியாது. அவருக்கும், விடியலில் அந்தப் புள்ளிகளில் கொடிகளைக் கட்டுவோருக்கும் அடுத்த நிகழ்வில் இலவச இடம் கொடுங்கள்.

தாமதப் பதிவுக்குக் கூடுதல் கட்டணம் வாங்குவதானால், வரைபடம் அச்சுக்குப் போகும் நாளையே கெடுவாக வையுங்கள். காரணமில்லாத தேதி மனக்கசப்பையே வளர்க்கும். ஒரே வரைபடத்தோடு நடக்கும் குடும்பத்திடம் நான்கு கட்டணம் கேட்பதும் அப்படித்தான்.

புகைமூட்டத்தாலோ இடிமழையாலோ நிகழ்வு நின்றுபோனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், சிப்பைத் தொலைத்தால் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பவை, பணம் வாங்குவதற்கு முன்பே, பதிவுப் படிவத்தில் கட்டணத்துக்கு நேர் கீழே அச்சாகியிருக்க வேண்டும்.