ரோஜா இலையில் அரைவட்டமா? மருந்தடிக்காதீர்கள்

மாடித்தோட்டத்து ரோஜா இலை ஓரம் பஞ்சிங் மெஷினில் வெட்டியதுபோல இருந்தால் அது புழுவின் வேலை இல்லை, இலைவெட்டித் தேனீ. இலை போனால் போகட்டும், செடிக்கு ஒன்றும் ஆகாது. துவரை, அவரைப் பூவில் மகரந்தம் சேர்க்க இது கெட்டிக்காரி. கூட்டமாக வாழாது, தேனும் தராது. பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது.

இந்தத் தேனீ கூடு கட்ட இடம் தர, 6 முதல் 8 மில்லிமீட்டர் துளையுள்ள மெல்லிய மூங்கிலை, ஒரு முனையில் கணு இருக்கும்படி அரையடி நீளத்துக்கு நறுக்குங்கள். திறந்த வாயில் சிலாம்பு இருந்தால் இறக்கை கிழியும். உப்புத்தாள் போட்டுத் தேயுங்கள். 20 துண்டுகளைச் சேர்த்து, காலை வெயில் படும் சுவரில், சன்ஷேடுக்கு அடியில் படுக்கைவாட்டில் ஆடாமல் கட்டுங்கள். நம்ம ஊர் ஐப்பசி மழைச் சாரல் உள்ளே போனால் பூஞ்சைதான். பிளாஸ்டிக் ஸ்ட்ராவிலும் ஈரம் தங்கும், வேண்டாம். எறும்பு ஏறாமலிருக்கக் கட்டுக்கம்பியில் கொஞ்சம் கிரீஸ்.

துளை வாய் பச்சை இலையால் அடைபட்டிருந்தால் உள்ளே முட்டை, அதற்கான மகரந்தச் சோறு எல்லாம் இருக்கிறது. அப்புறம் தொடவே கூடாது. ஆர்வம் தாங்காமல் ஈர்க்குச்சி விட்டுக் குடைந்து, ஒரு குழாயை நானே பாழாக்கினேன்.